மரநிழலில் நாகப்படப் பூ: முதல் வருடம் பூத்த அரிசீமா அப்புறம் ஏன் வரவில்லை?

குன்னூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: "வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் நிழலில், மதில் ஓரமாக மூன்று அரிசீமா கிழங்குகளை நட்டேன். முதல் வருடம் மூன்றும் பூத்தன. அடுத்த வருடம் இரண்டு மட்டும் வந்தன, அதுவும் வெறும் இலையோடு. இந்த வருடம் ஜூன் முடிந்தும் ஒன்றையும் காணோம். தினமும் தண்ணீர் விடுகிறேன், எருவும் போட்டிருக்கிறேன். நடும் முறையில் தவறா?" நடும் முறையைத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் நட்டதில் பெரிய தவறு இருந்திருந்தால் முதல் வருடமே வந்திருக்காது. உண்மையில் தெரிய வேண்டியது, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை வருடாவருடம் எடை குறையாமலும் அழுகாமலும் எப்படிக் காப்பது என்பதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செடி தெரியாதவர்களுக்காக: அரிசீமா என்பது சேனை, சேம்பு சேர்ந்த அரேசி குடும்பத்துச் செடி. 180க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை இமயமலை, சீனா, ஜப்பான் பகுதிகளின் காட்டு நிழலில் வளர்பவை. சில வட அமெரிக்காவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் உள்ளன. நம் நீலகிரி, பழனி மலைச் சோலைகளிலும் இலங்கையின் மலைநாட்டிலும் இருப்பது அரிசீமா லெஷனால்ட்டி என்ற இனம். 1816இல் புதுச்சேரிக்கு வந்து தென்னிந்தியச் செடிகளைச் சேகரித்த லெஷனால்ட் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. ஒரே இலை, நீண்ட காம்பின் நுனியில் சிற்றிலைகள் சுற்றிலும் ஆரம் ஆரமாக விரியும். அதன் கீழே, படமெடுத்த நாகம் போல வளைந்த ஒரு மடல், பச்சை அல்லது கருஞ்சிவப்பில் வெளிர் கோடுகளோடு. பூ என்று நாம் சொல்வது இந்த மடலைத்தான். உண்மையான பூக்கள் மடலுக்குள் நிற்கும் கதிரின் அடியில் மிகச் சிறியதாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. நீங்கள் முதல் வருடம் பார்த்த பூ உங்கள் தோட்டத்தில் உருவானதல்ல. விற்பனைக்கு வரும் கிழங்கின் மொட்டுக்குள் அந்தப் பூ முந்தைய பருவத்திலேயே உருவாகி மடங்கிக் கிடக்கும். நர்சரியில் தின்ற சோற்றில் உங்கள் வீட்டில் பூத்தது. உங்கள் மண், உங்கள் நிழல், உங்கள் தண்ணீர் சரியா என்பதைக் காட்டுவது இரண்டாம் வருடச் செடிதான். அது இலை மட்டும் விட்டது என்றால், முதல் வருடம் இலை மண்ணுக்கு மேலே இருந்த மாதங்களில் செலவான அளவுக்குக் கிழங்கு திரும்பச் சேர்க்கவில்லை என்று பொருள். நோய் என்று பயப்பட வேண்டாம்.

இந்தச் செடியில் எல்லாமே கிழங்கின் எடையைப் பொறுத்தது, ஆணா பெண்ணா என்பது உட்பட. கிழங்கு சிறிதாக இருந்தால் இலை மட்டும் வரும். சற்றுப் பெருத்தால் ஆண் பூ. நன்றாகப் பெருத்த பிறகுதான் பெண் பூ. ஒரு வருடம் பெண்ணாக இருந்து காய் பிடித்த செடி, அந்தச் செலவில் கிழங்கு சுருங்கி, அடுத்த வருடம் ஆணாக மாறுவதும், வெறும் இலையாக நிற்பதும் சாதாரணம். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள அரிசீமா டிரைஃபில்லத்தில் இது மிக விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆகவே கிழங்கைப் பெருக்க நினைக்கும் வருடங்களில் பூ வாடத் தொடங்கியதும் மடலை அடியோடு நறுக்கிவிடுங்கள். இலையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். பல இனங்களில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ இலைதான் வரும். ஆடு மேய்ந்தாலோ மண்வெட்டி பட்டாலோ அந்த வருட வருமானம் அத்தோடு முடிந்தது. வேறு இலை பெரும்பாலும் வராது.

இனி அழுகல். குன்னூரில் அரிசீமா அழியக் காரணம் பெரும்பாலும் கோடைத் தண்ணீர் இல்லை, ஐப்பசி கார்த்திகை மழைதான். ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவமழை முக்கியம். குன்னூரும் கோத்தகிரியும் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டும். அரிசீமாவின் இலை பழுத்து விழுவதோ செப்டம்பர் முதல் அக்டோபர் வரை. அதாவது, வேர்கள் வாடிப்போய், தண்ணீரை உறிஞ்ச எதுவும் இல்லாத நிலையில் கிழங்கு தூங்கும்போது அதன் தலைக்கு மேல் வருடத்தின் பெருமழை இறங்குகிறது. சோலையிலும் அதே மழைதான் பெய்கிறது. ஆனால் அங்கே நிலம் சரிவு, மேல்மண் இலைமட்கு, மரவேர்கள் ஈரத்தை இழுத்துக்கொள்கின்றன. உங்கள் பாத்தி மதில் ஓரத்தில், சமதளத்தில், செம்மண் களியில் இருக்கிறது. மதிலிலிருந்து வழியும் நீரும் அங்கேதான் தேங்கும். அதற்கு மேல் தினமும் நீங்கள் ஊற்றும் தண்ணீர். இதில் கிழங்கு பிழைத்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனாலும் மூன்றும் அழுகிவிட்டன என்று இங்கிருந்தபடி சொல்ல முடியாது. தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். அரிசீமா சில வருடம் முளைக்காமலே மண்ணுக்குள் கிடந்துவிட்டு மறு வருடம் வருவதுண்டு. சில இனங்கள் ஜூன் கடைசியில்தான் தலை காட்டும். எனவே நட்ட இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, கையாலோ சிறு மரக்குச்சியாலோ மண்ணை மெல்ல விலக்கி உள்ளே போங்கள். கடப்பாரை, களைக்கொத்து வேண்டாம். கிழங்கு கையில் கெட்டியாக, உருளைக்கிழங்கு மாதிரி அழுத்தம் கொடுத்து நின்றால் உயிர் இருக்கிறது. மேலே கூரான மொட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொழகொழவென்று இருந்தால், கத்தியைச் சுட்டு ஆறவைத்து, வெள்ளைச் சதை தெரியும் வரை அழுகலைச் செதுக்கி, வெட்டுவாயில் சலித்த சாம்பலைப் பூசி, நிழலில் நான்கைந்து நாள் காயவிட்டுப் புது மண்ணில் நடலாம். மொட்டுள்ள பகுதி தப்பியிருந்தால் பிழைக்கும். வெறும் பழுப்புத் தோலும் நாற்றமும்தான் மிச்சம் என்றால் அந்த மண்ணில் இனி நட வேண்டாம். தாய்க்கிழங்கு போனாலும் பக்கத்தில் பட்டாணி அளவில் குட்டிக் கிழங்குகள் கிடக்கலாம். மண்ணை விரலால் சலித்துப் பார்த்துவிட்டே கொட்டுங்கள்.

மறுபடி நடும்போது இடத்தை மாற்றுங்கள். மதிலிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி. சிமென்ட் சுவரிலிருந்து கரைந்து இறங்கும் சுண்ணாம்பும் இந்தச் செடிக்கு ஆகாது, லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும். காலை வெயில் இரண்டு மணி நேரம் சாய்வாக விழுந்து, மதியம் முழுக்க நிழல் இருக்கும் இடம் மிகப் பொருத்தம். கும்மிருட்டு நிழலில் காம்பு நீண்டு சாயும், கிழங்கு பெருக்காது. நிழல்தோட்டம் என்றதும் பலர் செய்யும் தவறு இதுதான். சில்வர் ஓக் அடியில் நடலாம், ஆனால் அதன் மெல்லிய வேர்கள் எருவுள்ள பாத்தியைத் தேடிவந்து இரண்டே வருடத்தில் பாய் விரித்துவிடும். வருடம் ஒருமுறை, ஜனவரியில், பாத்தியின் ஓரம் சுற்றிலும் மண்வெட்டியை ஒரு அடி ஆழம் இறக்கி அந்த வேர்களை அறுத்துவிட வேண்டும். யூகலிப்டஸ் அடியில் முயலவே வேண்டாம்.

மண் வடிகாலைச் சோதிக்க ஒரு அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் வடிந்தால் அப்படியே நடலாம். நான்கு மணி நேரம் ஆகியும் நின்றால் குழி எடுக்காமல், தரைக்கு மேலே கல் அடுக்கி முக்கால் அடி உயர மேட்டுப்பாத்தி கட்டுங்கள். கலவைக்கு இரண்டு பங்கு தோட்டமண், இரண்டு பங்கு நன்றாக மட்கிய இலைமட்கு, ஒரு பங்கு 6 மி.மீ. சிப்ஸ் ஜல்லி. ஆற்றுமணல் கிடைத்தால் பருமணலாகப் போடலாம். எம்-சாண்ட் மட்டும் வேண்டாம். அதிலுள்ள கல்தூள் களிமண்ணோடு சேர்ந்து இறுகிவிடும். சில்வர் ஓக் சருகு மட்க நாளாகும் என்பதால் அரைகுறையாக மட்கியதை மண்ணுக்குள் கலக்காமல் மேலே மூடாக்காகப் பரப்புங்கள்.

கிழங்கை நடும் ஆழத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அரிசீமாவுக்கு வேர் கிழங்கின் அடியிலிருந்து வராது. மேலே மொட்டைச் சுற்றி வளையமாகக் கிளம்பும். அதனால் கிழங்குக்கு மேலே இருக்கும் மண்ணில்தான் வேர் ஓடும். மேலாக நட்டால் வேருக்கு இடமே இருக்காது. நான்கைந்து செ.மீ. குறுக்களவுள்ள கிழங்குக்கு மேலே 10 முதல் 12 செ.மீ. மண் வேண்டும். கோலிக்குண்டு அளவுக்கு 5 செ.மீ. போதும். எது மேல்பக்கம் என்று குழம்பினால், பழைய வேர்கள் விழுந்த புள்ளிப் புள்ளியான வளையத் தழும்பைத் தேடுங்கள். அதன் நடுவில்தான் மொட்டு. அடிப்பக்கம் வழவழவென்று தட்டையாக இருக்கும். கிழங்கின் அடியில் ஒரு கைப்பிடி ஜல்லி போட்டு அதன் மேல் உட்காரவையுங்கள். நட்ட இடத்தில் ஒரு குச்சி ஊன்றிப் பெயர் எழுதி வைப்பது கட்டாயம். பாதி வருடம் தரையில் எதுவுமே தெரியாது, களையெடுப்பவர் கொத்திவிடுவார்.

தண்ணீர் விஷயத்தில் "தினமும்" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை எதுவும் ஊற்ற வேண்டியதில்லை. மண் எலும்பாகக் காய்ந்தால் மட்டும் மாதம் ஒருமுறை மேல்மண் நனையத் தெளித்தால் போதும். ஏப்ரல், மே கோடைமழையில் புள்ளிகள் கொண்ட கூர்முனை வெளியே வரும். அது வந்த பிறகே தண்ணீரைத் தொடங்குங்கள். இலை விரிந்ததும் நிலைமை நேர்மாறு: ஆகஸ்ட் வரை மண் ஒருநாளும் காயக்கூடாது, விரலை இரண்டு அங்குலம் விட்டால் ஈரம் தெரிய வேண்டும். இந்த மூன்று நான்கு மாதம்தான் கிழங்கு சம்பாதிக்கும் காலம். எருவும் இப்போதுதான். முளை வந்ததும் பாத்தியில் செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம்; பிறகு 15 நாளுக்கு ஒருமுறை, 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம், ஈரமான மண்ணில். ஆகஸ்ட் நடுவில் உரத்தை நிறுத்துங்கள். பச்சைச் சாணம் கூடாது, அழுகலை அழைத்துவருவது அதுதான். எலும்புத் தூள் கிழங்குக்கு நல்லதென்றாலும் உங்கள் ஊரில் நான் சொல்ல மாட்டேன். அதன் வாடைக்கு நாயும் காட்டுப்பன்றியும் பாத்தியைக் கிளறிப்போடும்.

இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்த வேண்டும். மஞ்சளான இலையைக் காப்பாற்ற நினைத்து அதிகம் ஊற்றுவதில்தான் பாதிக் கிழங்குகள் போகின்றன. மேட்டுப்பாத்தி நன்றாக வடிந்தால் கிழங்கை மண்ணிலேயே விட்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திக்கு மேல் சாய்வாக ஒரு தகரமோ பாலிதீன் தாளோ நிறுத்தி மழையைத் தடுக்கலாம். தாள் மண்ணைத் தொடக்கூடாது, காற்று ஓட வேண்டும். வடிகாலில் நம்பிக்கை இல்லாவிட்டால் காம்பு தானாகக் கழன்று விழுந்த பிறகு தோண்டி எடுங்கள். கழுவ வேண்டாம். மண்ணை உதறி, நிழலில் மூன்று நாள் வைத்து, லேசாக ஈரம் பிசுபிசுக்கும் தென்னைநார்க் கழிவில் புதைத்து, துளையிட்ட டப்பாவில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். வெங்காயம் போலத் திறந்த கூடையில் போட்டால் பிப்ரவரிக்குள் சுருங்கி நார் ஆகிவிடும். மாதம் ஒருமுறை தொட்டுப் பார்த்து, மென்மையானதைப் பிரித்துவிடுங்கள். மார்ச்சில் மொட்டு பருக்கத் தொடங்கியதும் நடலாம்.

மண்ணிலேயே விடுவதா, எடுத்து வைப்பதா என்பதில் வளர்ப்பவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. எடுப்பதில் வேர்முளை அடிபடும் ஆபத்து இருக்கிறது, விடுவதில் அழுகல். குன்னூர், கோத்தகிரிக்கு எடுத்து வைப்பதே மேல் என்பது என் கருத்து. ஊட்டிக்கு இதே பதிலைச் சொல்ல மாட்டேன். அங்கே பனி உறைவுக்கு மண்ணின் மேல் நான்கு விரல் கனத்தில் சருகு மூடாக்கு போட்டாலே போதும்.

அழுகலுக்கு மருந்து என்று தேடுபவர்களுக்கு: ஒரு கிலோ மட்கிய எருவில் 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்திருந்து நடவுக்குழியில் இடலாம். இது தடுப்பு, அழுகியதைத் திருப்பாது. காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றுவதென்றால் லிட்டருக்கு 2.5 கிராம்; ஆனால் டிரைக்கோடெர்மா இட்ட மண்ணில் அதை ஊற்றினால் அந்த நல்ல பூஞ்சையும் பாதிக்கப்படலாம். இரண்டில் ஒன்றுதான். தண்ணீர் தேங்கும் இடத்தில் இரண்டாலும் பயனில்லை.

எதிரிகளில் முதலாவது ஓடில்லா நத்தை. முளை வெளிவரும் வாரத்தில் ஒரே இரவில் நுனியைத் தின்றுவிடும். அந்த நாட்களில் மூடாக்கை முளையிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்து, இரவு எட்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதே நம்பகமான வழி. முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் வரும் இடமென்றால் கிழங்கை ஒரு அங்குலக் கண்ணுள்ள கம்பிவலைக் கூடைக்குள் வைத்து நட்டு, மேலேயும் வலை போட்டு, மார்ச்சில் மேல்வலையை எடுத்துவிடுங்கள். காட்டுமாடு மிதிப்பதற்கு வேலி தவிர வழியில்லை. பக்கத்தில் சேப்பங்கிழங்கு வைக்காதீர்கள். அதில் வரும் டாஷீன் மொசைக் வைரஸ் இந்தக் குடும்பத்துச் செடிகள் பலவற்றைத் தாக்கும், அசுவினி பரப்பும். இலையில் இறகு போன்ற வெளிர் தேமல் வந்து, அடுத்தடுத்த இலைகள் முறுக்கிக்கொண்டால் அந்தக் கிழங்கைப் பிடுங்கி எரித்துவிடுவதுதான் மற்றவற்றுக்கு நல்லது.

சேனை நறுக்கிய கை அரிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இதிலும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான், இன்னும் கடுமையாக. கிழங்கு, இலை, சிவந்த பழம் எல்லாவற்றிலும் உண்டு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். மக்காச்சோளக் கதிர் மாதிரி நெருக்கமாகப் பழுத்து நிற்கும் பழக்குலை குழந்தைகளை இழுக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் காய் பச்சையாக இருக்கும்போதே நறுக்கிவிடுங்கள். யாராவது கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கொப்பளிக்கச் செய்து, நாக்கோ தொண்டையோ வீங்கினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புதிதாக வாங்குவதென்றால் எதை? உங்கள் மூன்று கிழங்கும் எந்த இனம் என்று சொல்லவில்லை, படமும் இல்லை. ஜப்பானின் சிக்கோக்கியானம், சீனாவின் கண்டிடிசிமம் போன்றவை நீண்ட குளிர்காலம் பழகியவை. குன்னூரில் முதல் வருடம் பூக்கும் என்பதைத் தாண்டி நான் உறுதி சொல்ல மாட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இமயத்திலும் வளரும் டார்ட்டுவோசம் வெயிலையும் சூட்டையும் அதிகம் தாங்கும். அதன் கதிர் மடலை விட்டு வெளியே நீண்டு எலிவால் போல மேல்நோக்கி வளைவது தனி அழகு. முதலில் வளர்த்துப் பழக அதுவே ஏற்றது. லெஷனால்ட்டி உங்கள் மலையின் சொந்தச் செடி, குன்னூரின் உயரமும் அதற்குப் பொருந்தும். ஆனால் சோலையில் போய்த் தோண்டாதீர்கள். காப்புக் காட்டிலிருந்து செடி எடுப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். பூக்கும் அளவுக் கிழங்கு உருவாக அங்கே எத்தனையோ மழைக்காலம் ஆகியிருக்கும். தோட்டத்தில் பெருக்கியவரிடம் குட்டிக் கிழங்கோ விதையோ கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுக் கிழங்கைத் தாவர நோயின்மைச் சான்றும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் தபாலில் வரவழைப்பதும் சட்டப்படி கூடாது.

விதைக்கு ஆணும் பெண்ணும் ஒரே வாரத்தில் பூக்க வேண்டும். மடலைக் கிழிக்காமலே அடையாளம் காணலாம்: மடலின் அடி விளிம்புகள் சேருமிடத்தில் ஆண் பூவில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். பூஞ்சையில் வளரும் பொடி ஈக்கள் வாசனைக்கு உள்ளே விழுந்து, மகரந்தத்தோடு அந்த ஓட்டை வழியே தப்பிப்போகும். பெண் மடலில் அந்த ஓட்டை இல்லை. உள்ளே போன ஈ பெரும்பாலும் அங்கேயே சாகும். டார்ட்டுவோசத்தில் சில செடிகள் ஒரே கதிரில் இரண்டு பூவும் வைக்கும். ஈயை நம்பாவிட்டால், ஆண் மடலின் அடியில் உதிர்ந்து கிடக்கும் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து, பெண் மடலின் விளிம்பை விலக்கி, பச்சை முத்துக்களாகத் தெரியும் சூலகங்களின் நுனியில் தடவுங்கள். பழம் சிவந்து தளர்ந்ததும் கையுறையோடு பிசைந்து சதையை முழுக்கக் கழுவி எடுக்க வேண்டும். சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. விதையைக் காயவைத்துச் சேமிக்காமல் உடனே 1 செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். முதல் வருடம் ஒரு சிறிய இலை வரும். சில இனங்களில் இலையே வராமல் மண்ணுக்குள் மிளகளவு கிழங்கு மட்டும் உருவாகும். ஒன்றும் முளைக்கவில்லை என்று அந்தத் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த கோடைமழை வரை நிழலில், லேசான ஈரத்தில் வைத்திருங்கள். நல்ல கவனிப்பில் பூ வர மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். முதலில் வருவது ஆண் பூவாகத்தான் இருக்கும்.